திரையோடு போன ஒரு விதி

ஒரே வீட்டில் கீழும் மாடியுமாக வாழ்க்கைப்பட்டு, ஒரே ஆபீசில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியிலும் உட்கார்ந்தால் இரண்டு ஓரகத்திகள் என்ன ஆவார்கள் என்று ஆராய்ச்சி செய்யத் தேவையில்லை. கீழ்வீட்டு மூத்தவள், மாடிவீட்டு இளையவளைப் பற்றி மேனேஜரிடம் எழுத்திலேயே கொடுத்துவிட்டாள்: இரண்டு நாள் வேலைக்கு ஆறு நாள் எடுக்கிறாள். இளையவள் மறுவாரமே ராஜினாமா செய்தாள். அதன்பின் எட்டு மாதமாக இருவருக்கும் பேச்சு, தண்ணீர் மோட்டாரை நிறுத்தியாயிற்றா என்பதோடு சரி.

இப்போது மாட்டிக்கொண்டது மூத்தவள்தான். அவர்கள் எழுதிய ரத்த வங்கி மென்பொருள் ஒரு பழைய பிரேம்வொர்க்கின் மேல் ஓடிக்கொண்டிருந்தது. திரை, பொத்தான், சர்வர் எல்லாவற்றையும் கோத்துத் தரும் அந்த ஆயத்தக் கட்டமைப்பை அதைச் செய்த கம்பெனியே கைகழுவிவிட்டது. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை பழைய சர்வரை நிறுத்தியாக வேண்டும். அதற்குள் புதியதற்கு மாறாவிட்டால், எந்த ரத்தப் பை எந்த நோயாளிக்கு என்று மருத்துவமனை நோட்டும் போனுமாக அல்லாடும். மேனேஜர் கொடுத்தது பத்தே நாள். அவள் கணக்கில் அது நாலு மாத வேலை.

சிக்குப் பிடித்த நூற்கண்டை எதிர்பார்த்துத்தான் இளையவளின் கோடைத் திறந்தாள். எந்தப் பை வெளியே போகலாம், எது கூடாது என்று இளையவள் எழுதிய விதிகள் தனி ஃபோல்டரில் இருந்தன. பிரேம்வொர்க்கின் பெயர் அதில் ஒரு வரியில்கூட இல்லை. திரை என்று ஒன்று உண்டு என்பதே அதற்குத் தெரியாது. ரத்தம் தெரியும், நோயாளியைத் தெரியும், அவ்வளவுதான். சும்மா பார்ப்போமே என்று, சர்வர் எதுவும் இல்லாத தன் லேப்டாப்பில் ஓட்டினாள். விதிகள் சரியாக நடக்கின்றனவா என்று பார்க்க இளையவள் எழுதி வைத்திருந்த அறுநூற்றுப் பன்னிரண்டு சோதனைகளும் மூன்று விநாடியில் தேறி, பச்சை காட்டின.

நம்பாமல் மறுபடி ஓட்டினாள். பிறகு ஒவ்வொன்றாகப் படித்தாள். 'இரண்டு மாதிரிகளிலும் ரத்த வகை ஒத்துப்போகாவிட்டால் பை வெளியே போகாது.' 'காலாவதியான பை பட்டியலிலேயே வராது.' ரத்த வங்கி ஆட்கள் பேசுவது போலவே இருந்தது. சர்வர் செத்தாலும், கம்பெனி மூடினாலும் இதற்கு ஒன்றும் ஆகாது. கைக்கெட்டும் தூரத்தில் ஒருத்தி இத்தனை வருஷமாக இதைக் கட்டியிருக்கிறாள், நாம் ஒருநாள்கூட எட்டிப் பார்க்கவில்லையே என்று அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. பொறாமைப்படக்கூடத் தோன்றவில்லை. ஓரகத்தி விஷயத்தில் அது பெரிய அதிசயம்தான்.

புதிய திரைகளை எழுதி அந்த ஃபோல்டரோடு இணைக்க ஏழு நாள் போதுமாக இருந்தது. புதன்கிழமை காலை ரத்த வங்கி டெக்னீஷியன் வந்து சோதித்துப் பார்த்தார். ஒரு பையைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்ததாகப் பதிந்து, நாற்பது நிமிடம் கழித்துத் திருப்பி வைப்பதாக அழுத்தினார். மென்பொருள் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டது. அரைமணிக்கு மேல் வெளியே இருந்த பையைத் திரும்ப வாங்கக் கூடாது, பழையது மறுக்குமே என்றார் அவர்.

மூத்தவள் பழைய கோடைத் திறந்து தேடினாள். அந்த விதியை எழுதியவள் அவளேதான். ஃபோல்டருக்குள் முறையாக வைக்க நேரமாகும் என்று, திரையிலிருந்த பொத்தானுக்குள்ளேயே நாலு வரியில் சொருகியிருந்தாள். பழைய திரையைத் தூக்கி எறிந்தபோது விதியும் சேர்ந்து போய்விட்டது. அந்தச் சோதனைகளுக்கு அப்படி ஒரு விதி இருப்பதே தெரியாது. இதுபோல இன்னும் எத்தனை சொருகினோம் என்று அவளுக்கே ஞாபகமில்லை. தெரிந்திருக்கக்கூடியவள் ஒருத்திதான்.

அன்று சாயங்காலம் மாடிப்படி ஏறினாள். இளையவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மூத்தவள் சுற்றி வளைக்காமல் நடந்ததைச் சொன்னாள். அந்த விதிகளைப் படித்தபோது உடம்பு சிலிர்த்ததையும் மறைக்காமல் சொன்னாள்.

"மொத்தம் ஒன்பது இடம்க்கா," என்றாள் இளையவள். "எட்டை அப்பவே ஃபோல்டருக்குள்ள கொண்டுவந்து வச்சிட்டேன். இந்த ஒண்ணுதான் பாக்கி. ஒரு மணி நேரத்துல முடிச்சிடலாம்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா மேனேஜர் உங்களைத்தான் கேப்பாரு. அதான் என் வேலையோட சேத்து, சத்தமில்லாம செஞ்சிட்டிருந்தேன். அந்த ரெண்டு நாள் வேலைக்கு நாலு நாள் கூட ஆனது அதுக்குத்தான்."

மடித்து வைத்திருந்த துணிகளை ஒதுக்கிவிட்டு மூத்தவள் அங்கேயே தரையில் உட்கார்ந்தாள். அவள் கொடுத்த புகாரில் அந்த நாலு நாளும் தேதியோடு இருந்தன.