நித்யா மகனுக்கு ஒரு ஸ்வெட்டர்

எனக்குப் பொறுமை கிடையாது என்பது கருமத்தம்பட்டிக்கே தெரியும். அப்படிப்பட்டவள் பின்னல் ஊசியைக் கையில் எடுத்தேன் என்றால், எல்லாம் என் தப்பை மறைக்கத்தான்.

என் தங்கை நித்யஸ்ரீக்கு எட்டாம் மாதத்திலேயே பிரசவம் ஆகிவிட்டது. கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் குழந்தையோடு இருபது நாள் கிடந்தாள். நான் போகவில்லை. எங்கள் தறிக் குடோனில் அவசர ஆர்டர். நாளைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று இருந்துவிட்டேன். பிறகு அவள் அவிநாசியில் இருக்கும் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். அரை மணி நேரப் பஸ் பயணம்தான். ஆனால் என்ன மூஞ்சியை வைத்துக்கொண்டு போவது? மூன்று மாதம் முடிந்ததும் புருஷன் வேலை பார்க்கும் வால்பாறைக்குப் போகிறாள். அந்தக் குளிருக்கு என் கையாலேயே ஒரு ஸ்வெட்டர் பின்னிக் கொண்டுபோய் நின்றால் அவள் கோபம் ஆறிவிடும். பத்து நாள் வேலை என்றுதான் நினைத்தேன்.

தறி வைத்திருப்பவள் நூலைக் காசு கொடுத்து வாங்குவதாவது என்று குடோனில் மிஞ்சிக் கிடந்த கோன் நூலை எடுத்தேன். அது முடி மாதிரி சன்னம். நாலு நாள் பின்னியும் இரண்டு விரல் அகலம்தான் வந்தது.

"ஏம்புள்ள, கொசுவலையா போடறே?" என்றார் என் வீட்டுக்காரர் கிருபாசங்கர்.

"உங்க வாயில கட்டத்தான்" என்று எல்லாவற்றையும் அறுத்துப் போட்டேன்.

கோயமுத்தூர் டவுன்ஹால் பக்கம் போய் மஞ்சள் உல்லன் வாங்கினேன். அதைப் பந்தாகச் சுற்றுவதற்குள் சிக்கு விழுந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் அதைப் பிரிப்பதிலேயே போனது. வீடியோவில் ஒருத்தி, "ரொம்ப ஈஸி ஃப்ரெண்ட்ஸ்" என்று சிரித்துக்கொண்டே பின்னினாள். அவள் பல்லைத் தட்ட வேண்டும் போலிருந்தது. ஊசியில் அறுபத்து நாலு கண்ணி, அதாவது நூல் வளையம், ஏற்றி ஆரம்பித்தேன். இருபதாவது வரிசையில் எண்ணினால் எழுபத்தொன்று. எங்கிருந்தடா வந்தது ஏழு? பிரித்தேன். மறுபடி பின்னும்போது, தறி ஓட்டும் ரியாஸ் அண்ணன், "அம்மணி, மூணாந் தறியில பாவு நூல் அந்துபோச்சுங்க" என்று கூப்பிட்டார். எழுந்து போய்த் திரும்பினால் பாதிக் கண்ணி ஊசியை விட்டு நழுவிக் கிடந்தது. உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

இதற்கிடையில் அம்மா போன் செய்யும்போதெல்லாம், "ஏன் கண்ணு, புள்ளையப் பாக்க வரமாட்டியா? நித்யா கேக்கறா" என்பாள்.

"ரெண்டு நாள்ல வாரேம்மா" என்பேன். இரண்டு நாள் என்பது இரண்டு மாதம் ஆனது.

எண்ணிக்கைகூடப் பழகிவிட்டது. அடங்காதது என் கைதான். நூலைத் தளர்வாகப் பிடி என்கிறாள் வீடியோக்காரி. நான் பிறந்ததும் வாழ்க்கைப்பட்டதும் தறி வீட்டில். பாவு நூல் தொய்ந்தால் துணியே பாழ் என்று வளர்ந்தவள். தளர்ந்த நூலைப் பார்த்தால் கை தானாக இழுத்துவிடும். ஒவ்வொரு கண்ணியும் முடிச்சாக இறுகி, ஊசி நுழையாமல், குத்தித் தள்ளியதில் ஒரு ஊசியே முறிந்தது. இறுக்கமாக இருந்தால் குளிர்காற்று புகாது, நல்லதுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நித்யா புறப்படுவதற்கு முந்தின நாள் சாயங்காலம்தான் முடித்தேன். வெள்ளிக்கிழமை காலையில் அவிநாசிக்கு ஓடினேன். வாசலில் கார் நின்றது. சாமான்கள் ஏற்றியாகிவிட்டது.

"வாங்க்கா" என்றாள் நித்யா. உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை.

அவள் மடியில் கொழுகொழுவென்று ஒரு பையன். நானே போட்டுவிடுகிறேன் என்று ஸ்வெட்டரை அவன் தலையில் மாட்டினேன். புருவத்தோடு நின்றுவிட்டது. இழுத்தேன். அவன் வீறிட்டான்.

"ஐயோ, புள்ளைக்கு மூச்சு முட்டுது, எடு எடு!" என்று அம்மா கத்தினாள்.

"கருமம் புடிச்ச ஊசி! அந்த வீடியோக்காரி சொன்ன அளவே தப்பு!" என்று கத்திக்கொண்டே கழற்றினேன். நித்யா அதை வாங்கி, உள்ளங்கையில் விரித்து வைத்துப் பார்த்தாள்.

"பொறந்தப்போ போட்டிருந்தா சரியா இருந்திருக்குமுங்க்கா. ஒன்னே முக்கால் கிலோதான் இருந்தான். பத்து நாள் கண்ணாடிப் பொட்டியில வெச்சிருந்தாங்க. நான் வெளியில நின்னு பாத்துட்டே இருப்பேன். நீங்க பாக்கலை."

திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். அவள் சாதாரணமாகச் சொன்னாள். ஸ்வெட்டருக்குக் கை நீட்டினேன்.

"குடு அம்மணி, பிரிச்சுப்போட்டு பெருசாப் பின்னிடறேன். யாருகிட்டயாச்சும் குடுத்து உடறேன்."

"குடுத்தெல்லாம் உடாதீங்க. வால்பாறைக்கு நீங்க வாங்க."

"வாரேன்."

"என்னைக்குன்னு சொல்லுங்க்கா."

ஒரு கை பின்ன எட்டு நாள், கழுத்துக்கு நாலு நாள் என்று மனசு ஓடியது. நித்யா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு என்னையே பார்த்தபடி நின்றாள்.

"நாளன்னைக்கு ஞாயித்துக்கிழமை வாரேன்" என்றேன். அதற்குள் ஸ்வெட்டர் முடியாது.