குட்டி யது நல்லாயிருக்கிறாள்

“என்னை அட்மின் ஆக்குங்கோ.”

சனிக்கிழமை பின்னேரம், நூற்றுப் பதினாறு பேர் இருக்கிற வாட்சப் குழுவில் யதுசா இதை எழுதினாள். முற்றுப்புள்ளியும் வைத்தாள். தயவுசெய்து என்ற சொல்லைத் தேடிப் பார்த்தாலும் கிடைக்காது.

மூன்று வருடத்துக்கு முன் அவளைக் குழுவில் சேர்த்துவிட்ட சிநேகிதி ஜசிந்தா அன்றைக்கே படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். “எடியே, இங்க என்னத்தையும் கதை. அரசாங்கத்தைத் திட்டு, கோல் காக்கிற எங்கட கோலியைத் திட்டு, கடவுளைக்கூடக் கேள்வி கேள். அட்மின் பதவியை மட்டும் கேட்டுடாதை.” முன்பு கேட்டவன் பல் வைத்தியம் படிக்கிற ஒரு பெடியன். அவனுக்குக் குழுவின் அட்மின் கார்த்திகன் அண்ணை பதினொரு பக்கத்தில் குழு நடத்தை விதிகளை அனுப்பி, வாசித்து முடித்ததற்கு ஒப்பமும் கேட்டாராம். பெடியன் குழுவை மட்டுமல்ல, ஜேர்மனியின் கொலோன் நகரத்தையே விட்டுப் போய்விட்டதாகக் கேள்வி.

குழுவின் பெயர் சூறாவளிப் படை. கொலோனில் படிக்கிற தமிழ்ப் பெடியள் பல்கலைக்கழகப் பொழுதுபோக்கு லீக்கில் ஒரு உதைபந்தாட்ட அணி வைத்திருந்தார்கள். அதன் பெயர் சூறாவளி. இந்தப் பருவத்தில் சூறாவளி ஒரேயொரு ஆட்டத்தை வென்றிருந்தது, அதுவும் எதிரணியினர் ஏறி வந்த வான் நெடுஞ்சாலையில் நின்றுபோனதால். இப்படியான அணியை நேரில் பார்க்க எவன் வருவான்? ரசிகர்கள் கட்டிலில் படுத்தபடி யதுசா குழுவில் எழுதுகிற வர்ணனையைத்தான் வாசித்தார்கள். அவள் கோட்டோரம் நின்று, விரல் விறைக்க விறைக்கத் தட்டிக்கொண்டிருப்பாள்.

“எங்கட பின்வரிசை ஒரு கூட்டணி அரசாங்கம். பந்து வந்தால் நாலு பேரும் கூடி நிண்டு, இது ஆரின்ர அமைச்சு எண்டு யோசிப்பினம்.”

“கோலிக்குப் பந்தை ஃபாக்ஸில அனுப்பியிருந்தால் பிடிச்சிருப்பான். அவன் ஜேர்மன் குடியுரிமை எடுத்தவன், ஜேர்மன்காரருக்கு இன்னும் ஃபாக்ஸ்தானே உயிர்.”

அதற்குக் கீழே நூறு பதில்கள் விழும். கூட்டணியில் யார் துரோகி, மின்சாரக் கார் நல்லதோ டீசல் நல்லதோ, ஜேர்மன்காரர் ஏன் சிவப்பு விளக்கில் ஒரு வாகனமும் இல்லாத றோட்டுக்கு மரியாதை கொடுத்து நிற்கிறார்கள் என்று ஊர்ப்பட்ட வாக்குவாதம் நடக்கும். சூறாவளி ஐந்து கோல் வாங்கியதை எவரும் கவனிப்பதில்லை. அணிக்கும் அது வசதி.

பிறகு யதுசா நாலு மாதம் காணாமல் போனாள். இறுதி ஆய்வு எழுத வேண்டியிருந்தது. ரைன் நதியின் வெள்ளத் தடுப்புச் சுவர்களைப் பற்றிய தொண்ணூறு பக்கம். அப்பா பாண் தொழிற்சாலையில் மாவோடு நிற்கிறவர், அம்மா அலுவலகங்கள் துடைக்கிறவர். இரண்டு பேர் வீட்டிலும் பல்கலைக்கழகப் படியை மிதித்த முதல் ஆள் இவள்தான். “இன்னும் எத்தினை பக்கம் பார்த்து எழுதக் கிடக்குது, பிள்ளை?” என்று அப்பா அன்பாகத்தான் கேட்பார். பார்த்து எழுதுவது இல்லை என்று விளங்கப்படுத்த அவளிடம் சக்தி இருக்கவில்லை. குழுவின் சத்தத்தை அடைத்துவிட்டு நூலகத்துக்குள் போனவள், பட்டத்தோடு வெளியே வந்து சனிக்கிழமைதான் குழுவைத் திறந்தாள்.

அங்கே அவளே வர்ணனை செய்துகொண்டிருந்தாள்.

அவளுடைய படம், அவளுடைய நக்கல். பெயர் மட்டும் குட்டி யது. செய்தவன் பிரதாப். கோயம்புத்தூர்க்காரன், தரவு விஞ்ஞானம் படிக்க வந்தவன், சும்மா இருக்கத் தெரியாதவன். மூன்று வருடத்தில் அவள் எழுதிய பதினோராயிரம் செய்திகளையும் ஒரு இயந்திரத்துக்குச் சோறு மாதிரித் தீத்தி, பேச வைத்துவிட்டான். ஓரத்து வாங்குப் பலகையில் இருக்கிற மாற்று வீரன் கோல் எண்ணிக்கையைச் சொன்னால் போதும், மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும்.

யதுசா பல்லைக் கடித்துக்கொண்டு தானே ஒரு பகிடி எழுதினாள். உடனே பதில் வந்தது.

“குட்டி யதுவுக்கு இண்டைக்கு என்ன நடந்தது? அப்டேட் ஏதும் பிழைச்சுப் போச்சோ?”

நாற்பத்திரண்டு பேர் சிரித்தார்கள்.

“நான் உண்மையான யதுசா!” என்று எழுதினாள்.

குட்டி யது மூன்று செக்கனில் வந்தாள். “நான்தான் உண்மையான யதுசா எண்டு ஆரும் வந்தால், நகரசபையில வீட்டு விலாசம் பதிஞ்ச துண்டைக் கேளுங்கோ.”

அது அவளே சொல்லியிருக்கக்கூடிய பகிடி. அதுதான் வயிற்றெரிச்சல். அதைக் குழுவிலிருந்து தூக்க அட்மினால்தான் முடியும் என்பதால்தான், கேட்கவே கூடாததைக் கேட்டாள்.

கார்த்திகன் பதில் போட்டார். பதினான்காவது அரையாண்டாகச் சட்டம் படிக்கிறவர், எதையும் நேரே சொல்லமாட்டார். “தங்கச்சி, ஒரு அன்ட்ராக் எழுதித் தாங்கோ. நாளைக்குச் சங்கம் பதியிற கூட்டத்தில விண்ணப்பத்தைப் பரிசீலிப்பம். நீங்கள்தானே செயலாளர்.”

“நான் எப்ப செயலாளர் ஆனன்?”

“மேல போய்ப் பாருங்கோ.”

போய்ப் பார்த்தாள். மாசி மாதம் பன்னிரண்டாம் திகதி கார்த்திகன் கேட்டிருந்தார்: “யதுசா, செயலாளராக இருப்பியளோ?” குட்டி யது சொல்லியிருந்தது: “ஓம், இருக்கிறன். ஆனால் என்ர கையெழுத்து வைத்தியற்றை மாதிரி இருக்கும்.” கீழே இருபத்துமூன்று இதயங்கள்.

இதற்கிடையில் யாரோ ஒரு வாக்கெடுப்பும் தொடங்கியிருந்தார்கள். குட்டி யதுவுக்கு ஐம்பத்தெட்டு வாக்கு. அசல் யதுவுக்கு ஏழு. மூன்றாவது தெரிவாக எவனோ ஆட்டிறைச்சி ரோல்ஸைப் போட்டிருந்தான். ரோல்ஸுக்குப் பத்தொன்பது. இயந்திரத்திடம் தோற்றதைக்கூட யதுசா பொறுத்திருப்பாள். ரோல்ஸிடம் தோற்றது நெஞ்சில் நின்றது.

ஞாயிறு இரண்டு மணிக்கு, விளையாட்டு மண்டபத்தின் பின்னறைக்கு வந்தாள். இந்த நாட்டில் ஒரு சங்கத்தை நீதிமன்றத்தில் பதிய ஏழு பேர் வேண்டும். சங்கமாகப் பதிந்தால்தான் மழைக்காலத்தில் உள்மண்டபம் கிடைக்கும். மேசையில் ஆறு கையெழுத்து விழுந்த கடதாசி கிடந்தது. ஏழாவது கோடு அவளுக்காக வெறுமையாக இருந்தது. பிரதாப் தன் போனைத் தண்ணீர்ப் போத்தலில் சாய்த்து நிறுத்தியிருந்தான். கூட்டத்தைக் கேட்டுக் குறிப்பு எடுப்பது குட்டி யதுவாம்.

“உங்கட விண்ணப்பம் ஏற்கப்பட்டது,” என்றார் கார்த்திகன், கோட்டுப் பொத்தானைப் பூட்டியபடி. “இந்த நிமிசத்தில இருந்து நீங்களும் அட்மின்.”

அவள் எதிர்பார்க்கவில்லை. “அப்ப இதை இப்பவே தூக்கிறன்.”

“அது ஏலாது. விதி ஒன்பது. அட்மின் ஒராள் செயலாளரை நீக்க ஏலாது.”

“செயலாளர் ஆர்?”

“யதுசா.”

“யதுசா நான்!”

“அதுதான் சட்டச் சிக்கல்,” என்றார் அவர், முகத்தில் ஒரு சந்தோசத்தோடு. பதினான்கு அரையாண்டில் அவருக்குக் கிடைத்த முதல் உண்மையான வழக்கு அது.

“விசரே உங்களுக்கு? உது என்ர வாய். என்ர வாயை என்னட்டக் கேக்காமல் எடுத்து வச்சுக்கொண்டு, எனக்கே விதி சொல்லுறியள்!”

“கோவிச்சுக்காதீங்க யதுசா,” என்றான் பிரதாப். அவன் காது சிவந்திருந்தது. “நீங்க போனதும் குரூப்பே டெட் ஆயிடுச்சு. மேட்ச் அன்னைக்கு ஒருத்தன் கோல்னு போடுவான், ஒருத்தன் தம்ஸ்அப் போடுவான், அவ்ளோதான். எல்லாரும் உங்கள மிஸ் பண்ணாங்க. சத்தியமா அதான் பண்ணேன்.”

யதுசாவின் கோபம் ஒரு படி இறங்கியது. தன்னைத் தேடியிருக்கிறார்கள் என்று கேட்க ஆருக்குத்தான் கசக்கும்? பேனையை எடுத்தாள்கூட. மூடியைத் திறந்துவிட்டு, எழுதாமல் நிமிர்ந்தாள்.

“தேடினனீங்கள் எண்டால், நாலு மாதத்தில ஒராளாவது எனக்கு ஒரு செய்தி போட்டனீங்களோ? நான் உயிரோட இருக்கிறனோ எண்டு?”

கோலி மேசையின் ஓரத்தைச் சுரண்டினான்.

“நான் கேட்டனான்டி!” என்றாள் ஜசிந்தா. “கிழமைக்குக் கிழமை கேட்டனான். எப்பிடி இருக்கிறாய், சாப்பிடுறியோ எண்டு. நீதானே நல்லாயிருக்கிறன், சாப்பிடுறன், நூலகக் கதிரை மட்டும் முதுகைச் சாப்பிடுது எண்டு…”

“எங்க கேட்டனி?”

“குழுவிலதான். அதுவும்…” ஜசிந்தாவின் குரல் பாதியில் இறங்கிவிட்டது. “முதல் ரெண்டு கிழமையும் அது நீ இல்லை எண்டு தெரியும். பிறகு மறந்து போச்சு. பதில் வந்தவுடன மனம் ஆறிடும். உன்னை மாதிரியே கதைச்சுது, யது.”

தை மாதத்தில் ஒன்பது நாள் யதுசா மனிசரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. நூலகத்துக் கோப்பி இயந்திரத்துக்கு நன்றி சொன்னதுதான் பேச்சு. ஐந்தாம் அத்தியாயம் முழுக்கப் பிழை என்று பேராசிரியர் சொன்ன அன்று கழிவறையில் இருந்து அழுதாள். அந்த நாள் பூராவும் குழுவில் அவள் நல்லாயிருந்திருக்கிறாள். இதயங்கள் வாங்கியிருக்கிறாள்.

மேசையில் போன் ‘டிங்’ என்றது. பிரதாப் தடுக்க முன் குட்டி யது வாயைத் திறந்து வாசித்தது. “நான் நல்லாயிருக்கிறன், நீங்கள் எப்பிடி? ஏன் எல்லாரும் கோணர் கிக் வரப்போற மாதிரிப் பேயறைஞ்சு நிக்கிறியள்?”

கோலி கொடுப்புக்குள் சிரித்துவிட்டான். யதுசாவுக்கும் சிரிப்பு வரப் பார்த்தது. நல்ல பகிடி, என்ன செய்வது? ஆனால் முடிவு ஜசிந்தா வாய் திறந்தபோதே எடுத்தாகிவிட்டது. பேனையின் மூடியைத் திரும்பப் போட்டு, கடதாசிக்கு நேரே வைத்தாள்.

“தங்கச்சி, ஏழாவது கையெழுத்து?” கார்த்திகன் எழும்பினார். “செவ்வாய்க்கிழமை எங்களுக்கு நீதிமன்றத்தில டெர்மின் இருக்குது, நேரம் குறிச்சாச்சு!”

“நல்லாயிருக்கிறவளிட்டக் கேளுங்கோ, அண்ணை. எல்லாத்துக்கும் ஓம் எண்டு சொல்லுவாள்.”

“ரெண்டு யதுவும் இருக்கலாமே,” என்றான் பிரதாப். “நீங்க மேட்ச், அது மத்ததெல்லாம்…”

“பிரதாப், நீர் கெட்டிக்காரன். அடுத்ததா ஒரு பின்வரிசை செய்யும்.”

ஜசிந்தா சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். “எடி, என்னில கோபமோ?”

“ஓம். நல்ல கோபம். நாளைக்குப் போன் எடு, வாயால கதை. திட்டுறன், கேள்.”

குழுவைத் திறந்தாள். அட்மின் ஆகி எட்டு நிமிடம்தான் ஆகியிருந்தது. ஒருவரையும் நீக்கவில்லை. வெளியேறு என்பதை அழுத்திவிட்டு, போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு வெளியே வந்து, கதவை அறைந்து சாத்துவதற்காக முழு வேகத்தில் இழுத்தாள்.

அது தீத்தடுப்புக் கதவு. இந்த நாட்டில் கோபத்துக்கும் ஒரு ஒழுங்கு வைத்திருக்கிறார்கள். தலைக்கு மேலே இருந்த இரும்புக் கை முனகிக்கொண்டு, அங்குலம் அங்குலமாகத்தான் மூடத் தொடங்கியது. உள்ளே ஆறு பேரும் மெல்ல மெல்ல ஒடுங்கிக்கொண்டு போகிற அந்த இடைவெளியால், அவள் தாழ்வாரத்தில் நடந்துபோவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கார்த்திகனுக்கு ஏதோ ஒரு விதி ஞாபகம் வந்திருக்க வேண்டும், “விதி பதினாலு!” என்று கத்தினார்.

கதவு இன்னும் பாதிதான் மூடியிருந்தது. யதுசா மூலையில் திரும்பிவிட்டாள்.