பெயரில்லாத பந்தி

உள்ளூராட்சி பற்றிய எங்கள் அறிக்கை வெள்ளிக்கிழமை வெளிவர வேண்டும். ஒஸ்லோவில் எங்கள் ஆய்வு நிலையம் சின்னது. எந்த அரசின் பக்கமும் சாயாதது என்று பெருமைப்பட்டுக்கொள்வோம். போருக்குப் பின் வடக்கில் பிரதேச சபைகள் எப்படி நடக்கின்றன என்று நூற்றிருபது பக்கம். அதில் உயிருள்ள பந்தி ஒன்றே ஒன்றுதான். குடிநீர்த் தாங்கி கட்டும் வேலையைச் சபைத் தலைவரான தவிசாளர் தன் மைத்துனருக்கே கொடுத்ததை ஒரு பெண் உறுப்பினர் என்னிடம் சொல்லியிருந்தார்.

ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்களோ என்று கேட்டேன். "பெயரை எடுத்தாயிற்றே, பிறகென்ன?" என்றார் என் மேலதிகாரி ஜோனாஸ். நல்ல மனுஷன். ஆனால் சின்ன ஊர் என்றால் என்னவென்று தெரியாதவர்.

சோதித்துப் பார்க்க, மத்தியானம் நகரின் குறொன்லாண்ட் பகுதியில் செபஸ்ரியன் அண்ணையின் மரக்கறிக் கடைக்குப் போனேன். அவரும் அந்த உறுப்பினரின் தீவுப்பகுதி ஆள். ஆய்வு விதிப்படி நான் செய்தது பிழைதான். தாங்கிக் கதையை விட்டுவிட்டு, ஆளைப் பற்றிய வரியை மட்டும் வாசித்தேன்: "தீவொன்றின் முன்னாள் முன்பள்ளி ஆசிரியை, கணவர் காணாமல் ஆக்கப்பட்டவர், முதல் தடவையாக உறுப்பினரானவர்."

முருங்கைக்காய் நிறுத்துக்கொண்டிருந்தவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"எங்கடை உதயகுமாரி. ஏன், அவவுக்கு என்ன?"

தவிசாளரின் ஆட்களும் வாசிக்கத் தெரிந்தவர்கள்தானே. பந்தியைத் தூக்கிவிடுவதென்று முடிவெடுத்த பிறகுதான் உதயகுமாரிக்கு அழைப்பெடுத்தேன்.

"அக்கா, உங்களை உடனை கண்டுபிடிச்சிடுவினம். அந்தப் பகுதியை எடுக்கப்போறன்."



"பிள்ளை, சபையிலை மூண்டு தரம் எழும்பிக் கதைச்சனான். ஒருக்காக்கூட கூட்டக்குறிப்பிலை எழுதேல்லை. இப்ப நீங்களும் எடுக்கப்போறியள்."

"பயமில்லையோ உங்களுக்கு?"

"பயந்தான். ஆனா ஆர் சொன்னதெண்டு இல்லாட்டி வதந்தியெண்டு தட்டிவிடுவினம். என்ரை பேரைப் போடுங்கோ."

வெட்கமாகப் போய்விட்டது. அவரைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, அவரைக் கேட்காமலே முடிவெடுத்திருந்தேன். ஜோனாஸிடம் சொன்னேன். எழுத்தில் சம்மதம் இருந்தால் போடலாம் என்றார்.

அரை மணித்தியாலத்தில் கைபேசிக்குப் படம் வந்தது. கொப்பித் தாளில் ஐந்து வரி, முழுப்பெயர், முகவரி. கீழே பிரதேச சபை உறுப்பினர் முத்திரை. மை சரியாகப் பதியவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, பக்கத்தில் இன்னொரு தரமும் அழுத்திக் குத்தியிருந்தார்.