பாற்கடலில் வட்டிலப்பம்

அமைச்சர் ஒருவர் வருகிறார் என்று கண்டி வாவியைச் சுற்றியுள்ள பாதையை மூடிவிட்டார்கள். அதனால்தான் றிஸ்வியின் வட்டிலப்பம் படகேற வேண்டியதாயிற்று.

அவனுடைய உம்மா ஆஸியா கித்துள் கருப்பட்டி உருக்கி, தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்த்து அவித்தது. போய்ச் சேரவேண்டிய இடம் அக்கரையில் சித்தி றலியா என்ற பெயருடைய மாமியின் வீடு. தம் மகளை இவனுக்குக் கொடுப்பதா என்று அன்றைய பகல் சாப்பாட்டில் முடிவு சொல்வதாக இருந்தார். இனிப்பு இல்லாமல் அந்த வீட்டில் எந்த முடிவும் எடுப்பதில்லை.

நடுவாவியில் துடுப்பு கைநழுவிப் போனது. வாடகைப் படகு காற்றோடு, நீர் வெளியேறும் வான்கதவுப் பக்கம் நகர்ந்தது.

அப்போது பாதையில்லாமல் படகெடுத்த இன்னொருவன் வந்தான். விமலநாதன். பள்ளிக்கூடத்தில் றிஸ்வியோடு ஒரே வாங்கில் இருந்தவன். இப்போது பேராதனையில் சட்டம் படிக்கிறான். அந்த வாரம் கடற்சட்டப் பாடம் நடந்திருந்தது. படித்ததை யார்மீதாவது பிரயோகிக்காவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது.

"மச்சான், கயித்தப் போடு!"

"போடுறன். முதல்ல நீ ஆபத்தில இருக்கிறாய் எண்டு ஒத்துக்கொள்."

"ஒனக்குக் கண் தெரியல்லயா?"

"தெரியுது. எண்டாலும் வாயால சொல்ல வேணும். ஆபத்தில இருக்கிற கப்பலையும் சரக்கையும் மீட்டவனுக்குத்தான் சட்டப்படி சன்மானம். உன்ர சரக்கு என்ன?"

"வட்டிலப்பம்."

"பாதி."

"அது கடலுக்குள்ள சட்டம்டா. இது கொளம்!"

விமலநாதன் இதற்காகவே காத்திருந்தவன்போலச் சிரித்தான். "சிங்களத்தில இதுக்கு என்ன பேர்?"

றிஸ்வி பேரைச் சொல்லித்தான் ஆகவேண்டியிருந்தது. கிரி முஹுத. பாற்கடல். எந்த அரசன் எந்த நேரத்தில் வைத்தானோ!

"முஹுத எண்டா?"

"கடல்," என்றான் றிஸ்வி, தோற்றுப்போய்.

"பாதி."

"பாதித் தட்டோட போனா மாமி பாதிப் பொண்ணயா தருவாங்க? சரி, ஆபத்துலதான் ஈக்கிறேன். போட்டுத் தொலை!"

மாலுமிகள் உட்கார்ந்துகொண்டு கயிறு எறிவதில்லை என்று விமலநாதன் எழுந்து நின்று எறிந்தான். கயிறு ஒழுங்காக வந்து சேர்ந்தது. எறிந்தவனைத்தான் படகில் காணவில்லை.

"றிஸ்வி! எனக்கு நீந்தத் தெரியாதடா!" படகின் விளிம்பைப் பிடித்தபடி தொங்கினான்.

மறுமுனை அந்தப் படகில் கட்டியிருந்ததால் றிஸ்வி கயிற்றை இழுத்துக்கொண்டே கேட்டான்: "ஆபத்துல ஈக்கிறியா மச்சான்?"

"ஓம்! ஓம்!"

"ஆளக் காப்பாத்தினா எவ்வளவு பங்கு?"

பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் அவன் நல்ல மாணவன். "மனுச உயிருக்கு... சன்மானமில்லை... சரக்குக்கு மட்டுந்தான்..."

"அப்ப ஒன்ட சரக்கு என்ன ஈக்கி?"

"சப்பாத்து!"

றிஸ்வி முதலில் சப்பாத்துகளைக் கழற்றிப் படகில் வைத்தான். பிறகு, சன்மானம் எதுவும் எதிர்பாராமல், ஆளை இழுத்துப் போட்டான்.

அக்கரையில் சித்தி றலியா வட்டிலப்பத்தை வெட்டும்போது வாசலைப் பார்த்தார். "ஒத்தச் சப்பாத்தோட சொட்டச் சொட்ட நிக்கிற புள்ள யாரு மகன்?"

"நம்ம வக்கீல், மாமி. மத்தச் சப்பாத்து என்ட பாதி."

அவர் இரக்கப்பட்டு விமலநாதனுக்கு ஒரு துண்டு கொடுத்தார். பெண்ணையும் தருவதாகச் சொன்னார், அது றிஸ்விக்கு.

துண்டு வெறும் அன்பளிப்பு, தன் பாதிச் சன்மானத்தில் கழிக்கக்கூடாது என்று விமலநாதன் வாய் நிறைய வட்டிலப்பத்தோடு ஆட்சேபம் தெரிவித்தான்.