எடுக்காத மூட்டைகள்

தையல்நாயகி வேலைக்குச் சேர்ந்த அன்றே சிலுவைராஜ் சொல்லிவிட்டார். "இந்தச் சங்கத்துல இருக்கறது ஒரே கம்ப்யூட்டர். அதுக்கு ஒரே ஆள். அது நான். நீ நான் கேக்கறப்பக் காகிதத்த எடுத்துக் குடுத்துக்கிட்டு இரு, போதும்."

அவள் கணக்கில் எம்.எஸ்சி. முடித்தவள். குரும்பகரத்து விவசாயக் குடும்பம். முப்பது வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை என்பதை ஊரில் யார் யாரோ ஞாபகப்படுத்திக்கொண்டே இருந்ததால், காரைக்காலில் ஒரு வேலை கிடைத்ததும் மூச்சுவிட இடம் கிடைத்த மாதிரி இருந்தது. அந்த மூச்சைச் சிலுவைராஜ் ஒரே வாரத்தில் நிறுத்திவிட்டார். அவர் கீபோர்டில் தட்டும்போது அவள் திரையைப் பார்த்தால் உடம்பைத் திருப்பி மறைத்துக்கொள்வார். கம்ப்யூட்டர் இருந்த ஏசி அறைக்குள் அவள் செருப்பில்லாமல் வந்தாலும் "மண்ணு, மண்ணு" என்பார். கூடத்தில் எல்லாரும் கேட்கும்படி "மேத்ஸ் மேடம்" என்று கூப்பிடுவார். அவளும் விட்டுக்கொடுக்கவில்லை. அவர் புரோகிராம் மெதுவாக ஓடுகிறது என்பதை யார் கேட்டாலும் சொன்னாள். கேட்காதவர்களிடமும் சொன்னாள்.

மெதுவாக ஓடியதென்னவோ உண்மை. அது உரம் விற்கும் கூட்டுறவுச் சங்கம். நெடுங்காடு, குரும்பகரம் பக்கத்து விவசாயிகள் எல்லாம் அங்கேதான் வந்தாக வேண்டும். கூடத்தில் ஐந்து கவுண்டர், ஒவ்வொன்றிலும் ஒரு திரை. ஐந்தும் உள் அறையில் இருந்த ஒரே கம்ப்யூட்டரோடு கம்பியால் கட்டப்பட்டவை. கிளார்க் உறுப்பினர் எண்ணைத் தட்டினால், சிலுவைராஜ் எழுதிய புரோகிராம் எழுந்து, எல்லா விதிகளையும் முதலிலிருந்து படித்து, எல்லா விவரங்களையும் திறந்து, இவருக்கு இத்தனை மூட்டை என்று சொல்லிவிட்டுச் செத்துப்போகும். அடுத்த ஆள் வந்தால் மறுபடி பிறக்க வேண்டும். ஐந்து கவுண்டரிலும் ஒரே நேரத்தில் தட்டினால் ஐந்து பேர் ஒரே வாசலில் முட்டிக்கொண்ட கதைதான். பச்சைத் திரையில் ஒரு கோடு மட்டும் விட்டு விட்டு மினுங்கும். வெளியே வெயிலில் நிற்பவர்கள் சங்கத்தின் அப்பன் ஆத்தாளையெல்லாம் இழுத்துத் திட்டுவார்கள்.

எண்பத்தொன்பதாம் வருஷம், குறுவைக்குத் தண்ணீர் வந்துசேர்வதற்கு முன்னால், மெட்ராஸில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த ஒரு சிநேகிதியிடமிருந்து தையல்நாயகிக்கு ஒரு கம்ப்யூட்டர் டேப் வந்தது. அதில் பெர்ல் என்ற, புரோகிராம் எழுதும் புது மொழி இருந்தது. சின்ன வயசு மொழி, யாருக்கும் அவ்வளவாகத் தெரியாது. அதை வைத்துச் சிலுவைராஜின் புரோகிராமை மாற்றி எழுதலாம் என்று அவளுக்குத் தோன்றியது. காலையில் ஒரு முறை எழுந்திருக்கட்டும். விதிகளை ஒரு முறை படிக்கட்டும். சாயங்காலம் வரை தூங்காமல் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கெல்லாம் வரிசையாகப் பதில் சொல்லட்டும். செத்துச் செத்துப் பிறப்பானேன்?

சங்கத் தலைவர் சுப்ராயனிடம் நேராகப் போய்ச் சொன்னாள். போன போகத்தில் விவசாயிகளிடம் வாங்கிய ஏச்சு அவர் காதிலிருந்து இன்னும் இறங்கியிருக்கவில்லை. "செய்யும்மா" என்றார்.

சிலுவைராஜ் எதிர்ப்பார் என்று அவள் தயாராக இருந்தாள். அவர் எதிர்க்கவில்லை. "செய்யட்டும் சார். நல்லா செய்யட்டும்" என்றார். வேலை முடிந்ததும் அவரே ஒரு கவுண்டரில் உட்கார்ந்து பழைய உறுப்பினர் எண், புது உறுப்பினர் எண் என்று மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார். ஏதோ ஓர் இடத்தில் நிறுத்தி, திரும்பவும் போட்டார். அப்புறம் எழுந்து, "ஜோரா இருக்கு மேடம்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். அவர் வாயிலிருந்து நல்ல வார்த்தை வந்ததே என்று அவளுக்கு ஒரு பக்கம் சந்தோஷம். இன்னொரு பக்கம், ஓர் இடத்தில் நிறுத்தித் திரும்பவும் போட்டாரே என்று உறுத்தியது. ஏன் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார்.

அரசலாற்றில் தண்ணீர் வந்தது. நடவு மும்முரமானது. கூட்டம் கூடியது. புது புரோகிராம் பறந்தது. கிளார்க் எண்ணைத் தட்டிக் கையை எடுப்பதற்குள் பதில் வந்து நின்றது. விவசாயிகள் ரசீதோடு குடோனுக்குப் போய் மூட்டையை வண்டியில் ஏற்றிக்கொண்டே இருந்தார்கள். சுப்ராயன் கூடத்தில் வந்து நின்று இடுப்பில் கை வைத்துப் பார்த்துவிட்டுப் போனார். தையல்நாயகி சிலுவைராஜைத் தாண்டி நடக்கும்போது வேண்டுமென்றே மெதுவாக நடந்தாள்.

அப்போதுதான் ஆஸியா பீவி வந்தார்.

நெடுங்காட்டுப் பக்கம் அவருக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. கணவர் அல்லா பிச்சை பேரில் இருந்த உறுப்பினர் உரிமை, அவர் இறந்தபின் இந்த வருஷம்தான் பீவி பேருக்கு மாறியிருந்தது. கவுண்டரில் கிளார்க் எண்ணைப் போட்டுவிட்டு, "நீங்கதான் வாங்கிட்டீங்களேம்மா. நாலு மூட்டை" என்றார்.

"நான் எங்கங்க வாங்கினேன்? இப்பத்தானே வர்றேன்."

"வாங்கினதாத்தான் காட்டுது. அடுத்த ஆள் வாங்க."

பீவி நகரவில்லை. பின்னால் நின்றவர்கள் சத்தம் போட்டார்கள். கிளார்க் தையல்நாயகியைக் கூப்பிட்டார். அவள் வந்து திரையைப் பார்த்தாள். நாலு மூட்டை என்று பளிச்சென்று இருந்தது.

"இவ்வளவு கூட்டத்துல எதுக்கும்மா தகராறு?" என்றாள் அவள்.

"தகராறு இல்லங்க. அல்லாஹ் அறிய நான் ஒரு மூட்டையும் எடுக்கல. எம் மாப்பிள்ள மவுத்தானப்புறம் இந்தப் பக்கமே இன்னைக்குத்தான் வர்றேன்."

தையல்நாயகிக்குக் கோபம் வந்தது. தன் புரோகிராமை இந்த அம்மாள் ஊர் முன்னால் சந்தேகப்படுகிறார் என்ற கோபம். ஏசி அறை வாசலில் சிலுவைராஜ் கைகட்டி நிற்பது வேறு கண்ணில் பட்டது. "மனுஷங்க பொய் சொல்லுவாங்க, கம்ப்யூட்டர் சொல்லாது" என்று சொன்னாள். சத்தமாகவே சொன்னாள்.

கூட்டத்தில் எவனோ சிரித்தான். "ரெண்டு வாட்டி வாங்கி வெளில விக்கலாம்னு பாத்துச்சுபோல" என்றான் இன்னொருவன். பீவி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வெளியே போனார். காலி வண்டி ஒன்று வாசலில் நின்றிருந்தது. வண்டிக்காரன் ஏதோ கேட்டான். அவர் ஏறி உட்கார்ந்து கிளம்பச் சொன்னார்.

மத்தியானத்துக்குள் அதே மாதிரி இன்னும் இரண்டு பேரை விரட்டினார்கள். பிறகு முத்தையன் வந்தான். குத்தகைக்காரன், புது உறுப்பினன், ஆள் நெடுநெடுவென்று இருப்பான். "மூணு மூட்டை வாங்கிட்ட" என்று கிளார்க் சொன்னதும் கவுண்டர் பலகையில் ஓங்கி அறைந்தான்.

"எப்ப வாங்கினேன்? தேதியச் சொல்லு!"

"இன்னைக்கு."

"இன்னைக்கா? ஏண்டா, காலையிலேருந்து இந்த வரிசையிலதானே நின்னு சாவுறேன்! எனக்கு முன்னாடி போனாரே, அவரு வாங்கினாரு மூணு மூட்டை. நான் பாத்தேன்!"

தையல்நாயகி அதைக் கேட்டுவிட்டு வந்தாள். அவள் கிளார்க்கை எழுப்பிவிட்டுத் தானே உட்கார்ந்து, முத்தையனுக்கு முன்னால் வந்தவரின் எண்ணைப் போட்டாள். மூன்று மூட்டை. வேறொருவர் எண்ணைப் போட்டாள். இரண்டு மூட்டை. மறுபடி முத்தையன் எண். இப்போது இரண்டு மூட்டை என்றது.

புரிந்துவிட்டது. பழைய உறுப்பினர்களுக்கு, வாங்கிய மூட்டை என்ற இடத்தில் ஓர் எண்ணாவது பூஜ்யமாவது இருந்தது. புதிதாகப் பேர் ஏறியவர்களுக்கு அந்த இடம் வெறுமை. பழைய புரோகிராம் ஒவ்வொரு ஆளுக்கும் செத்துப் பிறந்ததால் அதன் கையில் முன்னவருடையது எதுவும் ஒட்டாது. அவள் எழுதியதோ சாகவில்லை. வெறும் இடத்தைக் கண்டால், முன்னால் வந்தவருடையதையே கையில் வைத்துக்கொண்டு அதையே சொன்னது. ஒருவர் எச்சிலை இன்னொருவர் இலையில் போட்டதுபோல. ஒவ்வொரு ஆளுக்கும் முன்னால் கையைக் கழுவு என்று ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். அவள் சொல்லவில்லை.

எழுந்து ஏசி அறைக்கு ஓடினாள். சிலுவைராஜ் கதவை வெளியிலிருந்து பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டிருந்தார்.

"சார், கதவத் தொறங்க. நிறுத்தணும். தப்பாச் சொல்லுது."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"அன்னைக்கு உக்காந்து பாத்தேன்ல, அன்னைக்கே தெரியும். பழைய நம்பர் போட்டுட்டுப் புது நம்பர் போட்டேன். பல்ல இளிச்சுது."

"தெரிஞ்சுமா சொல்லல?"

"நான் எதுக்குச் சொல்லணும்? காகிதம் எடுத்துக் குடுன்னேன். கேட்டியா? தலைவர் மூணு மணிக்கு வருவாரு. மேத்ஸ் மேடம் கிழிச்ச லட்சணத்த அவரு கண்ணால பாக்கட்டும். அதுவரைக்கும் ஓடட்டும்."

"அதுக்குள்ள இன்னும் எத்தனை பேரத் திருடன்னு விரட்டுவாங்க?"

"திருடின்னு மொதல்ல சொன்னது யாரு? நானா?"

அவள் கை ஓங்கியது. ஓங்கியதை அவரும் பார்த்தார், இரண்டு கிளார்க்கும் பார்த்தார்கள். எப்படியோ அடக்கிக்கொண்டு கூடத்துக்குத் திரும்பினாள். ஐந்து திரைகளின் பிளக்கையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். பிறகு ஒரு ஸ்டூலில் ஏறி நின்றாள்.

"எல்லாரும் கேளுங்க. புதுசாப் பேர் ஏறினவங்களுக்குக் கம்ப்யூட்டர் தப்பாச் சொல்லியிருக்கு. எழுதினது நான். காலையில திருப்பி அனுப்பினவங்க யாரும் மூட்டை எடுக்கல. யாரும் பொய் சொல்லல."

 கூடம் வெடித்தது. "அப்ப எங்க உரம்?" "வண்டி வாடகையக் குடு!" "பொம்பளைகிட்ட மிஷினக் குடுத்தா இப்பிடித்தான்!" யாரோ எறிந்த எவர்சில்வர் டம்ளர் அவள் தோளில் பட்டு விழுந்தது. முத்தையன்தான் கூட்டத்தை விலக்கி அவளைச் சுவரோரம் தள்ளிவிட்டான். காப்பாற்றியபின் அவனும் சும்மா இருக்கவில்லை. "நாசமாப் போக" என்று அவள் முகத்துக்கு நேராகவே சொன்னான்.

சுப்ராயன் வந்து சாவியைப் பிடுங்கிக் கதவைத் திறக்கவைத்தார். தையல்நாயகி கூட்டத்தின் இரைச்சலுக்கு நடுவே உட்கார்ந்து அந்த ஒரு வரியைச் சேர்த்தாள். புரோகிராமை எழுப்பி, புது எண்களை எல்லாம் போட்டுப் பார்த்தாள். பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். சாயங்காலம்வரை உரம் போனது.

மறுநாள் நெடுங்காட்டுக்குப் பஸ் ஏறினாள். ஆஸியா பீவியின் வீட்டு வாசலில் நெல் நாற்றுக் கட்டுகள் வாடிக் கிடந்தன. பீவி கதவைப் பாதிதான் திறந்தார்.

"தப்பு என்னோடதுங்க. உங்க மூட்டைய வண்டி வச்சு அனுப்பச் சொல்லியிருக்கேன். மன்னிச்சுக்குங்க."

"மூட்டை வரட்டும், எறக்கிக்கிறேன். அது எனக்குச் சேர வேண்டியது." பீவியின் குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. "கூட்டத்துல பொய்யின்னு சொன்னீங்க. இங்க வாசல்ல தனியா வந்து மன்னிப்புங்கிறீங்க. நான் யாருகிட்டப் போயி சொல்லிக்கிறது, அந்த அம்மா வந்து கேட்டுட்டாங்கன்னு? இந்தத் தெருவுல எல்லாத்துக்கும் தெரியும் நான் திருடப் போனேன்னு."

"தப்பு என்னோடதுன்னு நேத்து கூட்டத்துலயும் சொன்னேங்க..."

"நான் போனப்புறம்."

கதவு சாத்திக்கொண்டது. தையல்நாயகி பக்கத்து வீட்டுக்குப் போனாள். அதற்கடுத்த வீட்டுக்கும் போனாள். தெரு முழுக்க ஒவ்வொரு வாசலிலும் நின்று, இந்த மாதிரி, தப்பு என்னுடையது என்று சொன்னாள். சிலர் கேட்டார்கள். சிலர் நாயை விரட்டுவதுபோல் கையை ஆட்டினார்கள். பீவியின் கதவு கடைசிவரை திறக்கவில்லை.

சுப்ராயன் அவளை அறைக்குக் கூப்பிட்டபோது சிலுவைராஜும் அங்கே இருந்தார்.

"புரோகிராம் நல்லாத்தான் ஓடுது, அது இருக்கட்டும்" என்றார் தலைவர். "தப்பு எல்லார்கிட்டயும் வரும். ஆனா ஸ்டூல் மேல ஏறி நின்னு சங்கம் தப்புப் பண்ணிடுச்சுன்னு கத்தச் சொன்னது யாரு? இனிமே எவன் நம்புவான்? நீ நெடுங்காடு டெப்போவப் பாத்துக்க."

"இவருக்கு முன்னாடியே தெரியும் சார். தெரிஞ்சும் சொல்லல."

"அப்படியா?" சுப்ராயன் திரும்பினார்.

"எனக்கு இந்தப் பெர்லு கிர்லு எதுவும் தெரியாது சார்" என்றார் சிலுவைராஜ். சொல்லும்போது அவர் தலைவரைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்தார்.

டெப்போவில் திரை கிடையாது. மூட்டை, தராசு, எலி, ஒரு டெலிபோன். சம்பா நடவு நேரத்தில் ஒருநாள் அந்த டெலிபோன் அடித்தது.

"நான்தான்" என்றது சிலுவைராஜின் குரல். "உன் புரோகிராம் மத்தியானம் ஆனா மூச்சு வாங்குது. அப்புறம் அப்படியே நின்னுடுது. மெமரி பத்தலைங்குது. என்ன எழவ எழுதித் தொலைச்ச?"

அவளுக்கு உடனே புரிந்தது. விழித்தே இருக்கும் புரோகிராம் ஒவ்வோர் ஆளுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக வீங்கும். குறுவையில் கூட்டத்தைத் தாங்கியது. சம்பாவில் தாங்கவில்லை. வழி சுலபம். அவள் வாயைத் திறக்கவில்லை.

"இருக்கியா?"

"இருக்கேன். தப்பு உங்களுக்கு அன்னைக்கே தெரியும்னு தலைவர்கிட்டப் போயி சொல்லுங்க. அப்புறம் பேசலாம்."

"போடி" என்றார் அவர். ஆனால் போனை வைக்கவில்லை. அவருக்குப் பின்னால் கூடத்தின் இரைச்சல் கேட்டது. யாரோ ஒரு பெண் பிள்ளை, காலையிலிருந்து பச்சைத் தண்ணிகூடக் குடிக்கவில்லை என்று கத்திக்கொண்டிருந்தாள். கிளார்க் அவளை அதட்டினார்.

தையல்நாயகி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சிலுவைராஜ் அங்கே கூட்டத்தின் நடுவில் வியர்த்து நிற்பதை நினைக்க நினைக்க இனித்தது. இன்னும் கொஞ்ச நேரம் நிற்கட்டும் என்று மனம் சொன்னது. அதட்டல் மறுபடி கேட்டது.

"எழுதிக்குங்க" என்றாள். "முந்நூறு ஆளுக்கு ஒரு தடவை அது தானாச் சாகணும். செத்தவுடனே இன்னொண்ணு எழும்பணும். மேல எண்ணுறதுக்கு ஒரு வரி, கீழ சாகறதுக்கு ஒரு வரி." வரிகளை நிதானமாகச் சொன்னாள். அவர் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்தார். நன்றி என்றோ சரி என்றோ ஒன்றும் இல்லை. போன் வைக்கப்பட்டது.

வெளியே மூட்டை இறக்க வண்டி வந்து நின்றது. அவள் உடனே போகவில்லை. எதற்குச் சொன்னோம் என்று தன்மேல் எரிச்சலாக இருந்தது. சொல்லாமல் இருந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தாள். அது இன்னும் எரிச்சலாக இருந்தது. வண்டிக்காரன் இரண்டாம் தடவை குரல் கொடுத்தபிறகு சாவியை எடுத்துக்கொண்டு குடோனைத் திறக்கப் போனாள்.