மூன்றாவது கண்ணாடி

அக்கா புருஷன் லென்ஸைக் கைக்குழந்தைபோல் பட்டுத்துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். சட்டைப்பையில் ஒரு நீள உறை துருத்திக்கொண்டிருந்தது.

"ராஜினாமாக் கடிதம். உன் ரிப்போர்ட் கைக்கு வந்ததும் நேரா ஆபீஸ்தான், டாக்டரம்மா."

பழைய கேமரா லென்ஸ்களைப் பிரித்துத் துடைத்து, அவற்றின் நிலையை எழுதித் தருவது என் வேலை; அதனால் அவருக்கு நான் டாக்டரம்மா. நில அளவை அலுவலகத்தில் வரைபடங்களைச் சரிபார்ப்பது அவர் வேலை. இந்த லென்ஸை எங்கோ பழையதாக வாங்கியதிலிருந்து புகைப்படக் கலைஞர். அவர் படங்களில் நடுவில் ஒரு முகம் தெரியும். சுற்றியுள்ள உலகம் கரைந்து சுழலும். பார்த்தவர்கள் உருகினார்கள். வகுப்பு எடுக்கக் கூப்பிட்டார்கள். அந்தச் சுழல் லென்ஸின் பிறவிக்குணம் என்று நான் எழுதிக் கொடுத்தால் வேலையை விட்டுவிடுவார்.

அக்கா காலையிலேயே போனில் சொல்லியிருந்தாள். "உள்ளதை எழுது. ஆனா மனுஷனை நோகடிக்காதே."

முதல் பாதி என்னால் முடியும்.

டார்ச்சைப் பின்னாலிருந்து அடித்தேன். ஓரத்தில் வெள்ளை நூல் வலை.

"பூஞ்சை, மாமா."

"பட்டுல சுத்தி அலமாரியில பத்திரமா வச்சிருந்தேனே."

"பட்டு மெத்தை போட்டா அதுக்குக் கசக்குமா? குடும்பத்தோட குடிவந்திருச்சு. முன்கண்ணாடியை எதால துடைச்சீங்க?"

"பனியன்."

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"துவைச்ச பனியன்தான்."

வளையங்களைக் கழற்றினேன். கண்ணாடிகளை ஒவ்வொன்றாக எடுத்தேன். மூன்றாவதில் நிறுத்தினேன். குழிந்த பக்கம் முன்னால் இருக்க வேண்டும். பின்னால் இருந்தது.

"உங்க கலை இதுதான் மாமா. யாரோ இதைத் தலைகீழா மாட்டியிருக்கான். சட்டையைத் திருப்பிப் போட்டுட்டு ஃபேஷன்னு சொல்ற கதை."

அவர் கை சட்டைப்பைக்குப் போனது. உறையைத் தொட்டது. அங்கேயே நின்றது.

ரிப்போர்ட்டில் 'முந்தைய பழுதுபார்ப்பு' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் நான் வழக்கமாக எழுதுவதை எழுதினேன்: பழகாத கை.

பிறகுதான் கண்ணாடியின் விளிம்பைத் துடைத்தேன். அழுக்குக்கு அடியில் பென்சிலில் ஒரு டிக்.

கண்ணாடியை வெளியே எடுத்ததும் முன்பக்கம் எதுவென்று விளிம்பில் டிக் போட்டுவைப்பேன். நான் இடதுகைக்காரி. என் டிக் இடப்பக்கம் சாயும். இதுவும் சாய்ந்திருந்தது. ஆரம்பத்தில் லென்ஸ்களைப் பின்பக்கமாகப் பிரிப்பேன். மேலே தெரிந்த பக்கத்தில் குறிபோட்டு, அதையே முன்பக்கம் என்று நம்பி மாட்டியிருக்கிறேன்.

கட்டைவிரலால் மறைத்தேன்.

"விரலை எடு," என்றார்.

"அழுக்கு, மாமா."

"இருபது வருஷமா கோடு பார்க்கிறவன்மா நான்." மேசையில் வேறொரு லென்ஸின் கண்ணாடிகள் காய்ந்துகொண்டிருந்தன. அவற்றின் விளிம்புகளைக் குனிந்து பார்த்தார். "இந்த டிக்கும் அந்த டிக்கும் ஒரே கை." ரிப்போர்ட்டைத் தன் பக்கம் திருப்பினார். "பழகாத கை. எழுத்து அழகா இருக்கு, டாக்டரம்மா."

கண்ணாடியைச் சரியான பக்கம் திருப்பி வைத்து, மூடி, அவர் கேமராவில் மாட்டிக் கொடுத்தேன்.

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். எதிர்மாடித் தண்ணீர்த்தொட்டி, அதன் ஆணிகள், துரு, கொடியில் யாருடைய காலுறையோ. வெகுநேரம் பார்த்தார்.

"என்ன இருக்கு இதுல? எல்லாம் தெரியுது."

"நல்ல லென்ஸ்னா அப்படித்தான்."

"திரும்பத் திருப்பி வச்சா?"

"வச்சுத் தர்றேன். ஆனா பிறவிக்குணம்னு எழுத மாட்டேன். என் தப்புன்னுதான் எழுதுவேன்."

யோசித்தார். மச்சினியின் தப்பைக் காட்டி வகுப்பு எடுக்க முடியாது என்பது அவர் முகத்தில் படிப்படியாக இறங்கியது. மணி பார்த்தார்.

"பத்தரைக்குள்ள போனா அரைநாள் லீவு மிச்சம்," என்று எழுந்தார். உறை பையிலேயே இருந்தது. லென்ஸை மேசையிலேயே விட்டுவிட்டார். பட்டுத்துணியை மட்டும் மறக்காமல் மடித்து எடுத்துப்போனார்.

'பழகாத கை'க்குப் பக்கத்தில் 'என்னுடையது' என்று எழுதினேன். முதல் வருடப் பதிவேட்டை இறக்கினேன். பின்பக்கமாகப் பிரித்தவை பதினொன்று. ஒருவரும் புகார் சொல்லி வந்ததில்லை. எல்லோரும் ரசித்துக்கொண்டிருக்கிறார்கள்போல.

போனை எடுத்து முதல் எண்ணை அழுத்தினேன்.