வானத்தை அடக்கும் கண்ணாடி

கோமதியம்மாளைக் குளிப்பாட்டி, பட்டுடுத்தி, நாற்காலியோடு சேர்த்துக் கட்டியபோது அருகில் இருந்தவர்கள்: கணவர் வானமாமலை, மகன் சுயம்பு, மகள் கனகவள்ளி, அடுத்த வீட்டு ஜெயினுலாப்தீன், படம் எடுக்க வந்த செல்லப்பாண்டி. அவன் வானமாமலையின் தங்கை மகன். அது அறுபத்து நான்காம் ஆண்டு, மாசி மாதம்.

அவள் பிறந்த வீட்டார் வள்ளியூரிலிருந்து புறப்பட்டு, பம்பாய்க்கு ரயிலேறி வந்து சேரும்வரை உயிர் போன உடல் தாங்காது. புருஷன் அவளைக் கவனிக்கவில்லை என்று ஏற்கெனவே பேசுகிறவர்கள் அவர்கள். குடும்பமே சுற்றி நின்று அனுப்பிவைத்தது என்று காட்ட அவர்களுக்கு இந்தப் படம் ஒன்றுதான் போகும்.

தாராவிச் சந்தில் வெளிச்சம் போதவில்லை. நாற்காலியை உப்பங்கழியை ஒட்டிய வெட்டவெளிக்குத் தூக்கிப் போனார்கள். பின்னால் வெறும் வானம், வெள்ளை வெளேரென்று.

செல்லப்பாண்டி ஞாயிற்றுக்கிழமைகளில் டிராம்பே பக்கம் போய் மலையையும் கடலையும் படமெடுக்கிறவன். மேல்பாதி கறுத்து, நடுவில் புகையாக மங்கி, கீழே தெளிந்திருக்கும் கண்ணாடி ஒன்றை லென்சுக்கு முன்னால் செருகினான். கண்கூச வைக்கும் வானத்தை அது அடக்கும், இல்லாவிட்டால் மாமாவின் நரைத்த தலை வானத்தோடு கரைந்துவிடும் என்றான். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தான். மற்ற எல்லோர் தலையும் கறுப்புக்குக் கீழே அடங்கியது. வானமாமலை மட்டும் மற்றவர்களைவிட ஒரு தலை உயரம்.

"மாமா, லேசா குனிஞ்சுக்கிடுங்க. ஒங்க மூஞ்சி கறுப்புக்குள்ள போவுது."

"கண்ணாடிய மேல தூக்குல."

"தூக்குனா மத்தவங்க தலைக்குப் பின்னால வெளிறிப் போவும், மாமா."

ஜெயினுலாப்தீன் தணிந்த குரலில், "அண்ணாச்சியக் குனிய வைக்க மில்லு முதலாளியாலயே முடியல. நீ எம்மாத்திரம்?" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

"அப்பா, அம்மைக்காகக் குனியுங்க," என்றாள் கனகவள்ளி.

குனிந்தால் கோமதியம்மாளின் முகம் பக்கத்தில் வந்துவிடும். வானமாமலை நேரே பார்த்தார்.

"இப்படியே எடு."

காரியங்கள் முடிந்து கனகவள்ளி செம்பூருக்குப் புருஷன் வீட்டுக்குப் போனாள். சுயம்பு வேலைக்குப் போயிருந்தான். அறையில் தனியாக இருந்த வானமாமலையிடம் செல்லப்பாண்டி படத்தைக் கொடுத்தான். கோமதியம்மாளின் மூக்குத்திகூடத் தெரிந்தது. பிள்ளைகள் தெளிவாக இருந்தார்கள். வானமாமலையின் சட்டைக் காலருக்கு மேலே ஒரே இருட்டு. மறுபடி பிரிண்ட் போட்டு முகத்தைக் கொஞ்சம் வெளுக்க வைத்துத் தருகிறேன் என்றான்.

"வேண்டாம். இருந்தபடியே அனுப்பு."

அவன் போன பிறகு வெகுநேரம் அவர் விளக்குப் போடவில்லை.

வானமாமலை அன்று பம்பாயிலேயே இல்லை, யாரோ ஒருவனை நிற்கவைத்து முகத்தை மறைத்து எடுத்த படம் என்று வள்ளியூரில் இன்றைக்கும் சொல்கிறார்கள். அது உண்மையல்ல. நின்றவர் வானமாமலைதான். கோமதியம்மாளின் தோள்மேல் இருப்பது அவருடைய கை.